தொண்ணூறு விநாடியில் ஒரு தளபதி: அமெரிக்கப் படைகளில் நடக்கும் 'தகுதி'ச் சண்டை

2025 செப்டம்பர் 30. வர்ஜீனியா மாநிலத்தின் குவாண்டிகோ தளத்தில், உலகின் பல மூலைகளிலிருந்தும் அவசரமாக வரவழைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான அமெரிக்க ஜெனரல்களும் அட்மிரல்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பாதுகாப்புத் துறைச் செயலர் பீட் ஹெக்செத். மேஜர் பதவியோடு சீருடையைக் கழற்றியவர், முப்பது நாற்பது ஆண்டு அனுபவமுள்ள தளபதிகளுக்குப் பாடம் எடுத்தார். அவர் பேச்சின் சாரம் இதுதான்: இத்தனை காலம் இனத்தைப் பார்த்தும், பாலினக் கணக்கைப் பார்த்தும், 'வரலாற்றில் முதல்முறை' என்ற பெருமைக்காகவும் தவறான ஆட்களை மேலே ஏற்றிவிட்டோம், இனி தகுதி மட்டும்தான். அரங்கத்தில் சத்தமே இல்லை. அரசியல் பேச்சுக்குச் சீருடைக்காரர்கள் கைதட்டுவதில்லை என்ற வழக்கம் அன்று அவர்களுக்குக் கைகொடுத்தது.

தகுதி, திறமை. தமிழ் வாசகருக்கு இந்த ஜோடிச் சொற்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நம் ஊரில் நூறு ஆண்டுகளாக நடக்கும் வாதத்தின் அமெரிக்கப் பதிப்பு என்றுதான் உடனே தோன்றும். அந்த ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். அமெரிக்கப் படைகளில் இடஒதுக்கீடு இல்லை. ரோஸ்டர் இல்லை; இத்தனை கர்னல் பதவி இன்னாருக்கு என்று ஒதுக்கிய அரசாணையும் இல்லை. அப்படியானால் எதைப் பற்றி இந்தச் சண்டை? அதைப் புரிந்துகொள்ள, அங்கே ஓர் அதிகாரி எப்படி மேலே போகிறார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பெரும்பாலும் பணிமூப்புதான். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் கீழே இருப்பவருக்கு வழி. பின்னாளில் அதிபரான ஐசனோவர் 1920-ல் மேஜரானவர்; அடுத்த நிலைக்குப் போக 1936 வரை பதினாறு ஆண்டுகள் காத்துக் கிடந்தார். 1947, 1980 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இதை மாற்றின. இப்போது ஒவ்வொரு நிலையிலும் ஒரு தேர்வுக் குழு உட்காரும். மூத்த அதிகாரிகள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, கதவை மூடிக்கொண்டு, ஒவ்வொருவரின் கோப்பையும் படித்து மதிப்பெண் போடுவார்கள். பட்டியல் செயலருக்கும் அதிபருக்கும் போய், செனட் சபை ஒப்புதலோடு முடியும். மேஜர் வரையிலான நிலைகளில் இரண்டு முறை தவறவிட்டவர் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மருத்துவர் போன்ற சில நிபுணர்களைத் தவிர, வெளியிலிருந்து நேரடியாக ஒரு கர்னலையோ ஜெனரலையோ பொதுவாகக் கொண்டுவந்து இறக்குவதில்லை. ஏறத்தாழ எல்லோரும் லெப்டினன்ட்டாகத் தொடங்கியவர்கள்.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகள். தரைப்படையில் ஒரு மூத்த மதிப்பீட்டாளர், தனக்குக் கீழே ஒரே நிலையில் உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் உச்ச மதிப்பீடு தரலாம். ஆக, ஒருவரின் எதிர்காலம் எதிரியிடம் எப்படிச் சண்டை போட்டார் என்பதைவிட, எந்த மேலதிகாரி, எந்த ஆண்டில், யாருடன் ஒப்பிட்டு, என்ன நான்கு வரி எழுதினார் என்பதில் இருக்கிறது. தரைப்படையில் பட்டாலியன் தளபதிகளைத் தேர்ந்தெடுத்த பழைய முறையில், ஒரு லெப்டினன்ட் கர்னலின் கோப்புக்குக் குழு உறுப்பினர் செலவிட்ட நேரம் சராசரியாக 90 விநாடி. பதினாறு, பதினேழு ஆண்டுச் சேவை, ஒன்றரை நிமிடம்.

இந்த முறை யாரையெல்லாம் தவறவிடும் என்பதற்கு எச்.ஆர். மெக்மாஸ்டர் நல்ல உதாரணம். 1991 வளைகுடாப் போரில் டேங்க் சண்டையில் பெயர் எடுத்தவர். 2005-ல் ஈராக்கின் தல் அஃபார் நகரில் அவர் கையாண்ட முறை பிறகு பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆனால் 2006, 2007 என்று இரண்டு ஆண்டும் பிரிகேடியர் ஜெனரல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடுத்த குழுவுக்குத் தலைமை தாங்க, நடந்துகொண்டிருந்த ஈராக் போரிலிருந்தே அங்கிருந்த தலைமைத் தளபதி டேவிட் பெட்ரேயஸை வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள். மெக்மாஸ்டர் தேர்வானார். கோப்பு ஏறத்தாழ அதே கோப்பு. படித்தவர்கள்தான் வேறு. மெக்மாஸ்டர் வெள்ளையர், ஆண், கவசப் படைக்காரர். படையில் எல்லா இனத்தவரும் பெண்களும் இடம்பெற வேண்டும் என்ற பன்முகத்தன்மைக் கொள்கைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். தகுதி என்பது தராசில் வைத்து நிறுக்கும் சரக்குபோலப் பேசுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

இனி ஹெக்செத் தரப்பின் வாதத்துக்கு வருவோம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 1990-களில் தேர்வுக் குழுக்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல்களில் இனமும் பாலினமும் வெளிப்படையாகவே இருந்தன. சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரின் தேர்வு விகிதம் மொத்த விகிதத்தைவிடக் குறைவாக வந்தால், அந்தக் கோப்புகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது தரைப்படை. வழக்குகள் போடப்பட்டன. 2002-ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அதே ஆண்டில் விமானப்படையின் இதுபோன்ற ஓர் அறிவுறுத்தலையும் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியே தீர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தேர்வுக் குழுவில் இனக் கணக்குப் பார்க்கும் கதவு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது.

அதன் பிறகு பன்முகத்தன்மை முயற்சிகள் வாசல் பக்கம் நகர்ந்தன: யாரைச் சேர்ப்பது, எந்தக் கல்லூரியில் போய் ஆள் தேடுவது என்ற இடத்துக்கு. 2022 ஆகஸ்டில் விமானப்படை வெளியிட்ட குறிப்பு இதில் பிரபலம். அதிகாரிப் பணிக்கு விண்ணப்பிப்போரில் வெள்ளையர் 67.5 சதவீதம், கறுப்பினத்தவர் 13, ஆசிய வம்சாவளியினர் 10, பெண்கள் 36 என்று இலக்குகள் வைத்தது. இது விண்ணப்பதாரர் எண்ணிக்கைக்கான இலக்கு மட்டுமே, தேர்வுக்கானது இல்லை என்றும் அதே குறிப்பு சொன்னது. ஆனால் தசமப் புள்ளி வரை சதவீதம் போட்டுவிட்டு, 'இது கோட்டா இல்லை' என்றால் யார் கேட்பார்கள்? கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அப்போதைய விமானப்படைத் தளபதி சார்லஸ் பிரவுன். அந்தத் தாள் பிறகு அவரையே துரத்தியது.

உச்ச நீதிமன்றத்திலும் படைகளுக்கென்று ஒரு விநோத இடம் இருந்தது. 2003-ல், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்ற மிச்சிகன் பல்கலைக்கழக வழக்கில், எடுக்கலாம் என்று ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். வளைகுடாப் போர் நாயகன் ஷ்வார்ட்ஸ்காஃபும் அதில் ஒருவர். அவர்கள் வாதம் சமூக நீதி பற்றியதே இல்லை, அனுபவம் பற்றியது. வியட்நாம் போரின் இறுதியில் படைவீரர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். தரைப்படை அதிகாரிகளில் சுமார் 3 சதவீதம். உத்தரவு போடுபவர்கள் ஒரு நிறம், சாகப்போகிறவர்கள் இன்னொரு நிறம் என்ற நிலைமை. 1968-ல் வியட்நாமின் லாங் பின் ராணுவச் சிறையில் கலவரம், 1971-ல் டிராவிஸ் விமானத் தளத்தில் கலவரம், 1972 அக்டோபரில் 'கிட்டி ஹாக்' விமானந்தாங்கிக் கப்பலுக்குள்ளேயே அடிதடி. கட்டளைக்கு யாரும் கீழ்ப்படியாத படை போரில் உதவாது என்பதுதான் அவர்கள் கண்ட பாடம். 2023-ல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தபோதும், ராணுவக் கல்லூரிகளைப் பற்றி முடிவு சொல்லாமல் ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கி வைத்தது உச்ச நீதிமன்றம். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் அதைக் கடிந்துகொண்டார்: பதுங்குகுழிக்கு வேண்டும், நிர்வாக அறைக்கு வேண்டாமா என்று. 2025-ல் டிரம்ப் நிர்வாகமே கடற்படைக் கல்லூரியில் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது.

தேர்வு அறைக்குள் திரும்புவோம். அங்கே ஒரு புகைப்படத்தின் கதை இருக்கிறது. இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் பேச விரும்பாத கதை. கோப்பில் அதிகாரியின் படம் இருக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. சீருடை மிடுக்கு, உடற்கட்டு, பதக்க வரிசை எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நிறமும்தான். தரைப்படை ஒரு சோதனை நடத்தியது: படத்தோடு ஒரு குழு, படமில்லாமல் இன்னொரு குழு. படமில்லாத குழு வேகமாக முடித்தது. பெண்களும் சிறுபான்மையினரும் கூடுதலாகத் தேர்வானார்கள். 2020 ஜூலையில் அன்றைய பாதுகாப்புச் செயலர் மார்க் எஸ்பர், டிரம்ப்பின் முதல் ஆட்சியில், எல்லாப் படைகளிலும் படத்தை நீக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே கடற்படையின் பணியாளர் பிரிவுத் தலைவர் ஜான் நோவெல் பொது மேடையில் எதிர்மாறாகப் பேசினார்: படத்தை எடுத்த பிறகு எங்களிடம் பன்முகத்தன்மை குறைந்துவிட்டது, திரும்பக் கொண்டுவரலாமா என்று யோசிக்க வேண்டும்.

ஒரே படம். ஓரிடத்தில் அது இருந்தால் கறுப்பினத்தவருக்கு நஷ்டம். இன்னோரிடத்தில் அது இல்லாவிட்டால் நஷ்டம். அப்படியென்றால் கடற்படையில் குழுக்கள் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் கைதூக்கிவிட்டன என்றுதானே பொருள் என்று ஹெக்செத் தரப்பு கேட்கலாம், நியாயமான கேள்வி. தரைப்படையில் அதே படம் இத்தனை காலம் யாரைக் கைதூக்கிவிட்டது என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். முதல் கேள்வி மட்டும்தான் மேடையேறுகிறது.

இதற்கு இடையில் தரைப்படை ஒரு நல்ல காரியம் செய்தது. 2020-ல் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் பட்டாலியன் தளபதிகளைத் தேர்ந்தெடுக்கப் புதிய முறை கொண்டுவந்தார்கள். கோப்போடு நிறுத்தாமல் ஆளையே வரவழைத்து, சில நாட்கள் வைத்துப் பார்ப்பது. உடற்தேர்வு, எழுத்துத் தேர்வு, உளவியல் நிபுணருடன் நேர்காணல். மிக முக்கியமாக, சகாக்களும் கீழே வேலை செய்தவர்களும் தரும் ரகசிய மதிப்பீடு. மேலதிகாரிக்குக் குழைந்து, கீழே இருப்பவர்களைப் பிழிந்தெடுப்பவர்களைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. கடைசியில் மூத்த அதிகாரிகள் குழு நேர்காணல் செய்தது. நடுவில் ஒரு கறுப்புத் திரை. சிம்பொனி இசைக்குழுக்களில் வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துத் தேர்வு செய்யும் முறையிலிருந்து எடுத்த யோசனை. (குரலும் உச்சரிப்பும் திரையைத் தாண்டும் என்பது வேறு.) முதல் ஆண்டில் சுமார் 750 பேர் வந்தார்கள். பழைய முறையாக இருந்தால் தேர்வாகியே இருக்க மாட்டார்கள் என்ற நிலையில் இருந்தவர்கள், தேர்வானவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். கோப்பு மட்டும் பார்த்த காலத்தில் எத்தனை தவறு நடந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அந்தத் திரையையும் ஒருவர் விலக்கப் பார்த்தார். நான்கு நட்சத்திர ஜெனரல் சார்லஸ் ஹாமில்டன், தனக்குக் கீழ் வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரிக்காகக் குழு உறுப்பினர்களிடம் பேசினார் என்று விசாரணையில் தெரியவந்து 2024 டிசம்பரில், அதாவது பைடன் ஆட்சியிலேயே, பதவி பறிக்கப்பட்டார். ஹாமில்டன் கறுப்பினத்தவர், அந்த முறை கறுப்பின அதிகாரிகளுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்பது அவர் தரப்பு வாதம். சாய்வு இருந்தால் அதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. போனை எடுப்பது அதில் ஒன்றில்லை.

'தகுதி மட்டும்தான்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நெடிய நினைவு இருப்பதால்தான் கறுப்பின அதிகாரிகள் அதைக் கேட்டவுடன் நெளிகிறார்கள். சார்லஸ் யங், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1889-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பர். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது லெப்டினன்ட் கர்னல். போர் என்றால் பதவிகள் பெருகும். அவர் ஜெனரலாவது நிச்சயம்போல இருந்தது. ஒரு வெள்ளை லெப்டினன்ட், கறுப்பரின் கீழ் என்னால் வேலை செய்ய முடியாது என்று தன் மிசிசிப்பி மாநில செனட்டரிடம் முறையிட்டார். செனட்டர் அதிபர் வில்சனிடம் கொண்டுபோனார். நிறத்தைக் காரணம் காட்டி யங்கை யாரும் வெளியேற்றவில்லை. மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். ரத்த அழுத்தம் அதிகம் என்று, கர்னல் பதவியைக் கொடுத்து ஓய்வில் அனுப்பினார்கள். 1918 ஜூனில், ஐம்பத்து நான்கு வயதில், ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸிலிருந்து வாஷிங்டன் வரை சுமார் 500 மைல் குதிரையில் போய் நின்றார், நான் நலமாகத்தான் இருக்கிறேன் என்று காட்ட. பணிக்கு மீண்டும் அழைத்தார்கள்: நவம்பர் 6-ம் தேதி. போர் முடிந்தது 11-ம் தேதி. அவருக்குப் பின் வெஸ்ட் பாயிண்டில் தேறிய அடுத்த கறுப்பர் 1936-ல்தான் வந்தார். அவரோடு நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் வேலை நிமித்தம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல், ஒருவரை மட்டும் வெளியே தள்ளும் விதத்தில் எப்படிப் பயன்படும் என்பதற்கு இந்தியாவிலேயே அண்மை உதாரணம் உண்டு. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்க 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ராணுவம் அவர்களுக்கு ஆண்களுக்கு உள்ள அதே மருத்துவத் தரத்தை வைத்தது. ஆனால் ஆண்கள் அந்தத் தேர்வை ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டிலேயே, இளமையில் முடித்திருந்தார்கள்; பெண்கள் பலர் அப்போது நாற்பதைக் கடந்தவர்கள். 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது. பெண்களுக்கு எதிர்காலமே இல்லை என்ற நினைப்பில் அக்கறையின்றி எழுதப்பட்ட பழைய ரகசிய அறிக்கைகளை வைத்து இப்போது அவர்களை அளந்ததையும் அதே தீர்ப்பு பிடித்துக் காட்டியது. கோப்பு பொய் சொல்லாது என்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம்.

அமெரிக்காவுக்கே திரும்பினால், 1948 ஜூலை 26-ல் அதிபர் ட்ரூமன் படைகளில் சம வாய்ப்பு ஆணையைப் பிறப்பித்த மறுநாளே, தரைப்படைத் தளபதி ஒமர் பிராட்லி, சமூகச் சீர்திருத்தம் ராணுவத்தின் வேலை இல்லை என்ற பொருளில் பேசினார். தரைப்படையில் கறுப்பினத்தவர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 1950 வரை இருந்தது. அதே 1948-ல் வந்த பெண்கள் சேர்க்கைச் சட்டம், படையில் பெண்கள் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது; நிரந்தரப் பதவியில் லெப்டினன்ட் கர்னலோடு பெண்களின் ஏணி நின்றது. 1967-ல்தான் அந்த வரம்பு நீங்கியது. அமெரிக்கப் படைகளில் சட்டப்படியான கோட்டா இருந்த காலமென்றால் அதுதான்.

2025 பிப்ரவரி 21-ல், அப்போது கூட்டுத் தளபதிகள் தலைவராக, அதாவது நாட்டின் மிக உயர்ந்த படை அதிகாரியாக இருந்த பிரவுனும், கடற்படைத் தளபதி லிசா ஃபிராங்கெட்டியும் பதவி நீக்கப்பட்டார்கள். பிரவுன் நிறத்தால் வந்தாரா, திறமையால் வந்தாரா என்பது நமக்குத் தெரியப்போவதே இல்லை என்று ஹெக்செத் பதவிக்கு வருமுன்பே எழுதியிருந்தார். தெரிந்துகொள்ள வழி இருந்தது. 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த எஃப்-16 விமானி. பசிபிக் விமானப்படைகளின் தளபதியாக இருந்தவர். 2020-ல் விமானப்படைத் தலைமைக்கு அவரை முன்மொழிந்தவர் டிரம்ப். செனட் வாக்கு 98–0.

ஃபிராங்கெட்டி விஷயத்தில் விமர்சகர்களுக்குச் சற்று வலுவான பிடி கிடைத்தது. அன்றைய பாதுகாப்புச் செயலர் ஆஸ்டின் வேறொரு அட்மிரலைப் பரிந்துரைத்திருந்தார், பைடன் அதை மீறினார் என்று 2023-லேயே செய்திகள் வந்தன. பைடனின் அறிவிப்பும் 'முதல் பெண்' என்பதை விடாமல் சொன்னது. ஆறாவது கப்பற்படைப் பிரிவை நடத்திய அனுபவத்தை முன்னால் வைக்க வேண்டிய இடத்தில் பாலினத்தை வைத்தால், அவரை வீழ்த்த நினைப்பவர்களுக்கு ஆயுதத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பன்முகத்தன்மை பேசியவர்கள் செய்த பெரிய தவறு இதுவே என்பது என் எண்ணம்.

பிரவுனின் இடத்துக்கு வந்தவர் ஓய்வில் இருந்த மூன்று நட்சத்திர ஜெனரல் டான் கெயின். கூட்டுத் தளபதிகள் தலைவராக வருபவர் அதற்கு முன் துணைத் தலைவராகவோ, ஒரு படையின் தலைவராகவோ, ஒருங்கிணைந்த களத் தளபதியாகவோ இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கெயின் எதிலும் இருந்ததில்லை. தேசிய நலன் கருதி அதிபர் விலக்கு அளிக்கலாம் என்று அதே சட்டத்தில் இருந்த வாசல் வழியாக வந்தார். செனட் வாக்கு 60–25. அவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் மூன்று, நான்கு நட்சத்திர நியமனங்களுக்குத் தேர்வுக் குழு, மதிப்பெண், திரை எதுவும் கிடையாது. அதிபரின் விருப்பமும் செனட்டின் கையும் போதும். தகுதி பற்றிய சத்தம் அதிகமாகக் கேட்கும் இடத்தில்தான் அதை அளக்கும் கருவி எதுவும் இல்லை.

கீழேயிருந்து ஜெனரல்கள் எப்படி உருவாகிறார்கள் என்பது இன்னும் மெதுவான கணக்கு. தரைப்படையில் உச்சப் பதவிகள் பெரும்பாலும் காலாட்படை, கவசப் படை, பீரங்கிப் படைக்காரர்களுக்கே போகின்றன. கறுப்பின அதிகாரிகள் தளவாடம், போக்குவரத்து போன்ற பிரிவுகளில் குவிந்திருக்கிறார்கள். பெண்களுக்கு நேரடிப் போர்ப் பிரிவுகள் முழுதாகத் திறந்ததே 2016-ல்தான். 2008-ல் நான்கு நட்சத்திரம் பெற்ற முதல் பெண் ஆன் டன்வுடி தளவாடப் பிரிவிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. பிரவுன் சீருடை அணிந்தது 1984-ல், ஃபிராங்கெட்டி 1985-ல். 2016-ல் காலாட்படைக்குள் நுழைந்த முதல் பெண் அதிகாரிகள் ஜெனரல் தேர்வுக் குழுவின் முன்னால் வர ஏறக்குறைய 2040 ஆகிவிடும். அன்று அந்தக் குழு புரட்டப்போகும் கோப்பில் பெரும்பகுதி, 2025-க்குப் பிறகு அவர்களின் மேலதிகாரிகள் எழுதிய நான்கு நான்கு வரிகளாக இருக்கும்.